‘நிச்சயம் அழிக்க வேண்டுமா?’ - ஒரு சின்னக் கேள்வியின் கதை

ஓசூரில் பஸ் ஏறி பெங்களூரு போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்பு வரை ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் பஸ் நுழைந்தவுடன், உள்ளே இருக்கும் செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போடும். எல்லாம் ரோமிங் எஸ்.எம்.எஸ்.! கர்நாடகத்துக்கு நல்வரவு, இனி இன்ன கட்டணம் என்று ஒரு செய்தி. சாயங்காலம் திரும்பும்போது தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று இன்னொன்று. எல்லையை ஒட்டிய வீடுகளில் இன்னும் வேடிக்கை. ஆள் கட்டிலில்தான் படுத்திருப்பார், ஆனால் அவருடைய போன் மட்டும் பக்கத்து மாநிலத்து டவருக்குப் போய்விட்டு வந்திருக்கும்!

ஏர்டெல் 2017 ஏப்ரலில் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்தது. மற்ற நிறுவனங்களும் எடுத்துவிட்டன. கட்டணம் போனாலும் எஸ்.எம்.எஸ். போகவில்லை. கடன் வேண்டுமா, ரீசார்ஜ் செய்தீர்களா, ஓ.டி.பி. இதுதான் என்று தினமும் ஒரு குவியல். வாரம் ஒருமுறை உட்கார்ந்து அழிக்க வேண்டியிருக்கிறது. அழிக்கப் போனால் போன் ஒரு கேள்வி கேட்கும். "இந்தச் செய்தியை அழிக்கவா?"

யாராவது அதைப் படிக்கிறார்களா? கேள்வி திரையில் வருவதற்குள் கட்டை விரல் ‘ஆம்’ இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. அப்படியானால் இந்தக் கேள்வி எதற்கு? எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

இடம் போதாத காலம்

உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற 22 வயது இஞ்சினியர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது அதற்கு முன்பே முடிவான கணக்கு. அது ஆங்கிலத்துக்கு. தமிழுக்கு 70 இடம்தான். அதிலும் ‘செய்தி’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஆறு இடத்தை எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் கொம்புக்கும் புள்ளிக்கும் சுழிக்கும் தனித்தனி இடம்!

இந்தியாவில் செல்போன் 1995 ஜூலை 31-ல் வந்தது. 2003-ல் இன்கமிங் இலவசமான பிறகுதான் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. அதே வருடம் நோக்கியா 1100 வந்தது. டார்ச் லைட் வைத்த அந்த போனை மறக்க முடியுமா? அன்றைய சிம் கார்டில் பத்து, இருபது செய்திக்குத்தான் இடம். போனின் நினைவகத்தையும் சேர்த்தால் சில பத்துகள். இடம் நிரம்பிவிட்டால் திரையில் கடித உறை படம் மின்னி மின்னி எரியும். புதிய செய்தி வெளியே காத்துக்கொண்டிருக்கிறது, பழையதை அழித்தால்தான் உள்ளே விடுவேன் என்று அர்த்தம்.

ஆக, அன்று அழிப்பது விருப்பமல்ல, கட்டாயம். கடி ஜோக்கை வைத்துக்கொள்வதா, பொங்கல் வாழ்த்தை வைத்துக்கொள்வதா என்று உண்மையாகவே யோசித்துத்தான் அழித்தார்கள். அழித்தால் போனது போனதுதான். குப்பைத் தொட்டியும் கிடையாது, பேக்கப்பும் கிடையாது. அந்தக் காலத்தில் "அழிக்கவா?" என்பது நியாயமான கேள்வி.

கேள்வியின் தாய்வீடு

ஆனால் கேள்வியைக் கண்டுபிடித்தது செல்போன் அல்ல. 1970களில் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் கோப்பை அழிக்க ‘ஆர்எம்’ என்று ஒரு கட்டளை இருந்தது. கேட்காமல் அழித்துவிடும். பயந்தவர்களுக்காக அதோடு ‘ஐ’ என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கும் வசதி வந்தது. அப்படிக் கொடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டுக் கேட்டு அழிக்கும்.

ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் 1983-ல் வேறு வழியைக் காட்டியது. திரையில் ஒரு குப்பைக் கூடை. தூக்கிப் போட்டதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 95-ல் அதுவே ‘ரீசைக்கிள் பின்’ ஆனது. ஆனால் விண்டோஸ் கூடையையும் வைத்தது, கூடையில் போடவா என்ற கேள்வியையும் வைத்தது!

இதில் என்ன தப்பு என்று சொன்னவர் ஜெஃப் ராஸ்கின். ஆப்பிளில் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கியவர். 2000-ல் அவர் எழுதிய ‘தி ஹ்யூமேன் இன்டர்ஃபேஸ்’ புத்தகத்தில் இதை விளக்குகிறார். நூறு தடவை கேட்டு நூறு தடவையும் ‘ஆம்’ என்று சொன்னால், அதன் பிறகு அது கேள்வியே இல்லை. அழிப்பது என்பதே இரண்டு பட்டன் அழுத்தும் ஒரே செயலாக விரலுக்குப் பழகிவிடும். நூற்றியோராவது தடவை தப்பான செய்தியைத் தொட்டாலும் விரல் நிற்காது.

சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். தகடு அடிக்கும் பவர் பிரஸ் மெஷின் "கையை எடுத்துவிட்டாயா?" என்று கேட்பதில்லை. கேட்டால் ஒரு ஷிஃப்டில் ஆயிரம் தடவை ‘ஆம்’ சொல்ல வேண்டியிருக்கும். ஆயிரத்தோராவது தடவை கை உள்ளே இருக்கும்போதும் வாய் ‘ஆம்’ என்றே சொல்லும். அதனால்தான் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன் வைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்க வழியே இல்லை! ஆளின் கவனத்தை நம்பாமல், தவறு நடந்தாலும் விரல் போகாதபடி செய்வதுதான் அந்த ஏற்பாடு.

கணக்குப் புத்தகம் சொல்லும் வழி

பி.காம். படிப்பவர்களுக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. கணக்குப் பதிவியலில் சொல்லித்தரும் அடிப்படைப் பாடம், எழுதியதை அழிக்கக் கூடாது என்பது. 500 ரூபாய் எழுத வேண்டிய இடத்தில் 5,000 எழுதிவிட்டால், வெள்ளை மை பூசி மறைப்பது தவறு. 4,500 ரூபாய்க்கு பிழைத்திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும், தேதியும் தெரியும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தப் பழக்கம் கெட்டது. ஒரு வவுச்சரைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் சுவடே இருக்காது. அதனால் மத்திய அரசு 2021-ல் விதியைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் முடியக் கூடாது. டேலியில் ‘எடிட் லாக்’ வந்தது இதற்காகத்தான்.

கவனித்தீர்களா? சட்டம், அழிக்கும் முன் இரண்டு தடவை கேள் என்று சொல்லவில்லை. அழித்தாலும் சுவடு இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

எஸ்.எம்.எஸ். ரசீதான கதை

அது கம்பெனிக் கணக்கு, ஒரு எஸ்.எம்.எஸ். போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். கடி ஜோக் காலத்தில் ஒன்றும் ஆகாதுதான். இன்று அப்படி இல்லை. அரட்டையெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. எஸ்.எம்.எஸ். பெட்டியில் மிச்சம் இருப்பது பாதி குப்பை, பாதி ரசீது.

தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் குடும்ப அட்டை வந்த பிறகு, ரேஷன் கடையில் என்ன வாங்கினோம் என்பது எஸ்.எம்.எஸ். ஆக வருகிறது. வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வந்தது என்ற புகார்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அப்படிப் புகார் கொடுக்கப் போகிறவர் கையில் இருக்கும் ஆதாரமே அந்த எஸ்.எம்.எஸ்.தான்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்குக் காரணம் எஸ்.எம்.எஸ். மூலம் தெரிவிக்கப்பட்டது. அது கிடைத்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கான கடிகாரம் ஒரு குறுஞ்செய்தியில் இருந்து ஓடத் தொடங்கியது!

வங்கியிலும் இதே கதை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் கணக்கில் பணம் போனால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு எந்த இழப்பும் கிடையாது. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை அவரும் சுமக்க வேண்டும். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. இங்கேயும் கடிகாரம் தகவல் வந்ததிலிருந்து ஓடுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, ஐம்பது விளம்பரங்களைத் தேர்ந்தெடுத்து, நடுவில் இருந்த ஒரு வங்கிச் செய்தியையும் சேர்த்து ‘ஆம்’ என்று அழுத்தியவருக்கு, பணம் போனதே பாஸ்புக்கைப் பதியும் நாளில்தான் தெரியவரும்.

ஐம்பது செய்திக்கும் ஒரு செய்திக்கும் போன் கேட்பது அதே கேள்விதான். எது ரசீது, எது குப்பை என்று அந்தக் கேள்விக்குத் தெரியாது.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை

இதன் மறுபக்கத்தை ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூரு 2012 ஆகஸ்டில் பார்த்தது. அசாமில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, பெங்களூருவில் இருக்கும் வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வழியாக வதந்தி பரவியது. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 17-ல் மத்திய அரசு, 5 பேருக்கு மேல் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கு 15 நாள் தடை போட்டது. பிறகு அது 20 ஆகத் தளர்த்தப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்த வதந்தியை அழிக்க நினைத்தவரிடம் போன் "அழிக்கவா?" என்று கேட்டிருக்கும். அதையே நூறு பேருக்கு அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்காது! அழிப்பதைத் திரும்பப் பெறும் வசதியைச் செய்து வைக்க முடியும். அனுப்பியதை, அதுவும் நூறு பேர் மனதில் பயமாகப் போய் உட்கார்ந்ததை, யாராலும் திரும்பப் பெற முடியாது. கேள்வி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது.

இந்தப் பாடம் மெதுவாகத்தான் படிக்கப்பட்டது. 2018 ஜூலையில், வதந்திகளால் பல உயிர்கள் போன பிறகு, வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை 5 அரட்டைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது.

திரும்பி வரும் வழி

அழிக்கும் பக்கத்திலும் மாற்றம் வந்தது. ஜெஃப் ராஸ்கினின் மகன் ஏஸா ராஸ்கின் 2007-ல் ஒரு கட்டுரையில், எச்சரிக்கை கொடுப்பதை விட்டுவிட்டு ‘அண்டூ’ கொடுங்கள் என்று வாதாடினார். ஜிமெயில் 2009-ல் அனுப்பிய மெயிலைச் சில நொடிகளுக்குள் நிறுத்தும் வசதியைச் சோதனையாகத் தந்தது. வாட்ஸ்அப் 2017-ல் எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2022 டிசம்பரில், தவறி ‘எனக்கு மட்டும்’ என்று அழித்துவிட்டால் ஐந்து நொடிக்குள் திரும்பப் பெறவும் வழி செய்தது. 2022 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 16-ல் அழித்த எஸ்.எம்.எஸ். ‘சமீபத்தில் அழித்தவை’ பகுதியில் 30 நாள் வரை இருக்கும்படி ஆனது. கேள்வி அங்கேயும் போகவில்லை. ஆனால் கேள்விக்குப் பின்னால் ஒரு மாத அவகாசம் வந்துவிட்டது.

அந்த ஐபோனின் வெளிக்கூடு ஓசூர் பக்கத்தில் உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகிறது. ஆனால் இந்தப் பகுதியில் பெரும்பாலோர் கையில் இருப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். அதில் சிலவற்றின் செய்திச் செயலியில் குப்பைத் தொட்டி வந்துவிட்டது, பலவற்றில் இல்லை. ஒரு செய்தியை நம்பி மேல்முறையீடு செய்பவருக்குத்தான் அந்த 30 நாள் அதிகம் தேவை. அவரிடம் இருப்பதோ 2003-ம் ஆண்டின் அதே கேள்வி!

உங்கள் போனில் குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வங்கி, ரேஷன், அரசுச் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். வீட்டில் அம்மா, பாட்டியின் போனையும் வாங்கிப் பாருங்கள், அவர்களுக்கு வருவதில்தான் ரசீது அதிகம். அழிக்கும்போது போனே ஒரு கேள்வி கேட்கும். ஃபார்வர்டு செய்யும்போது அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.