பழைய சைக்கிளின் வயதும் மதிப்பும்

தமிழ்நாட்டு வீடுகளின் சாமான் அறைகளிலும் மாட்டுக்கொட்டகை மூலைகளிலும் துருவேறிக் கிடக்கும் பழைய கறுப்புச் சைக்கிள்களில் பெரும்பாலானவை, ஆங்கிலேயர் 'ரோட்ஸ்டர்' என்றழைத்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1885ல் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' சைக்கிளும், 1888ல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரும் இந்த வடிவத்துக்கு அடித்தளமிட்டன. 28 அங்குலச் சக்கரமும், கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இழுக்கப்பட்டு ரிம்மின் உட்புறத்தில் கட்டையை அழுத்தும் பிரேக்கும் சேர்ந்து அது நிலைபெற்றபின், அரை நூற்றாண்டுக்கு மேல் அதில் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை. எனவே தோற்றத்தை மட்டும் பார்த்து இத்தகைய வண்டியின் வயதைச் சொல்ல முடியாது. உறுப்புகளில் பொறித்த சிறு அடையாளங்களையே நாட வேண்டியிருக்கிறது.

அவற்றுள் முதலில் கண்ணில் படுவது, பெடலோடு சேர்ந்து சுழலும் பெரிய பல்சக்கரம். நாட்டிங்ஹாமின் ராலே நிறுவனம் அதில் நாரை உருவங்களை வெட்டியது. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்துவந்த பி.எஸ்.ஏ. தன் மூன்று எழுத்துகளை வைத்தது. ரட்ஜ் நிறுவனம் விரித்த கையைப் பொறித்தது. ஆயினும் இந்த முத்திரை பெயரைத்தான் காட்டுமே தவிர, வண்டி பிறந்த பட்டறையைக் காட்டாது. ஹம்பர் என்ற மற்றொரு சைக்கிள் பெயரை 1932லும் ரட்ஜை 1943லும் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவை 1957லும் ராலே வாங்கிக்கொண்டது. பெயர்கள் தொடர்ந்து விற்பனையில் இருந்தன, தொழிற்சாலை மாறிவிட்டது. பழைய சைக்கிளை மதிப்பிடுவோர் மிகுதியாக ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்தியாவிலும் இதே குழப்பம் உண்டு. முருகப்பா குழுமம், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பர்மிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்த ஹெர்குலிஸ், அதன்பின் சென்னையை அடுத்த அம்பத்தூரிலேயே தயாராகலாயிற்று, பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் அங்கு வந்து சேர்ந்தன. வீட்டார் 'இங்கிலீஷ் ஹெர்குலிஸ்' என்று பெருமையோடு காட்டும் வண்டி அம்பத்தூரில் பிறந்ததாகவும் இருக்கலாம். முன் கழுத்தில் ஆணியடித்த பித்தளை அல்லது அலுமினியத் தகட்டில் உள்ள ஊர்ப்பெயரைப் பொறுமையாகப் படிப்பதே இதற்குத் தீர்வு. அம்பத்தூர் என்றிருந்தால் அதைக் குறைவாக எண்ணுவதற்கில்லை. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றுக்கு அந்தத் தகடு நேரடிச் சான்றாகும்.

பின்சக்கர நடுவுருளையான ஹப்பில் மூன்று கியர் அடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் அமைப்பு இருந்தால் வேலை எளிதாகும். இந்த வகை 1902ல் தோன்றியது. பின்னாளில் வந்த ஹப்புகளின் எஃகு உறையில் மாதிரியின் எழுத்துகளை அடுத்து ஆண்டும் பெரும்பாலும் மாதமும் எண்ணாகப் பொறிக்கப்பட்டன. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய கிரீஸைத் துடைக்கும்போது '57 4' என்ற எண்கள் தெரிந்தால், அந்த உறுப்பு 1957 ஏப்ரலில் ஆனது. உறுப்பு என்ற சொல் இங்கு கவனத்துக்குரியது. சைக்கிள் கடையில் 'ஓவராயில்' என்ற பெயரில் வண்டி முழுவதும் பிரித்துப் பூட்டப்படும்போது சக்கரங்கள் இடம் மாறியிருக்கலாம். கியரே இல்லாத சாதாரண வண்டிகளுக்கு இந்தச் சான்றும் கிடையாது. அவற்றில் முலாம் பூச்சுதான் துணை. ஏறக்குறைய 1930க்கு முன் பூசப்பட்ட நிக்கல் சற்றே மஞ்சள் சாயல் காட்டும். அதன்பின் பரவிய குரோமியம் நீலம் கலந்த வெண்மையாக மினுங்கும்.

மதிப்பு என்று வரும்போது வயது ஒன்று மட்டும் விலை தராது. 1951ல் ராலே ஆண்டுக்குப் பத்து லட்சம் சைக்கிள்களைத் தயாரிக்கும் அளவை எட்டியிருந்தது. இவ்வளவு பெருகிய பொருள் அரிதாவதில்லை. முதலில் வந்த தோல் சீட், முழுச் செயின் கவர், காற்றடிக்கும் பம்பு, லூகாஸ் விளக்கு ஆகியவை வண்டியோடு ஒட்டியே இருப்பதும், கறுப்பு வண்ணத்தின் மேல் இழுத்த பொன்னிறக் கோடு அழியாமல் இருப்பதும்தான் விலையை உயர்த்துகின்றன. வண்டியைப் பளபளப்பாக்கும் ஆசையில் புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் அந்தக் கோடும் நிறுவனத்தின் எழுத்தும் மீளாமல் மறைந்துவிடும். துருவை நிறுத்த எண்ணெய் போதும்.

நகராட்சிகளும் ஊராட்சிகளும் சைக்கிளுக்கு ஆண்டு வரி வாங்கிய காலத்தில், வரி கட்டியதற்கு அடையாளமாக ஊர்ப்பெயரும் ஆண்டும் பொறித்த தகட்டு வில்லை கொடுக்கப்பட்டது. அது இன்னும் வண்டியில் தொங்கினால், அந்த ஆண்டுக்குள் வண்டி அந்த ஊரில் ஓடத் தொடங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். வாங்க வருபவர் அதற்குத் தனி விலை தராமல் போகலாம். ஆனால் அந்த ஊரின் வரலாற்றை எழுதுபவருக்கு, லூகாஸ் விளக்கைவிட அந்தத் தகடே அதிகம் சொல்லும்.