கணிதக் குறிகளும் தமிழ் எழுத்துருக்களும்: அளவுப் பொருத்தத்தின் வரலாறு

கணிதக் குறிகளின் அளவுப் பொருத்தம் என்பது, ஒரு பக்கத்தில் வரும் எண்கள், அடுக்குகள், கீழொட்டுகள், மூலக்குறி, அடைப்புக்குறி முதலியவற்றை உரை எழுத்துகளின் உயரத்துக்கும் தடிமனுக்கும் இசைய அமைப்பதாகும். பார்வைக்குச் சிறிய வேலைதான். ஆனால் அது பிசகினால் கணக்கின் பொருளே மாறிவிடும்.

தருமபுரி மாவட்டத்தில் நான் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்த காலத்தில், 2³ × 2⁴ என்னும் வினா 23 × 24 என்று அச்சாகி வந்தது. சிறிய எழுத்து இல்லாத அச்சகத்தில், அடுக்கும் அடிமானமும் ஒரே அளவில் கோக்கப்பட்டிருந்தன. வினாவில் இருந்தபடியே பெருக்கிய மாணவர்களுக்கு 552 கிடைத்தது. விடைக்குறிப்பிலோ 128 என்றிருந்தது. பிள்ளைகளின் பெருக்கலில் பிழை இல்லை, மதிப்பெண் வழங்கினோம். இக்கட்டுரைக்குத் தூண்டுதல் அந்த வினாத்தாளே.

ஈய எழுத்துக் காலம்

தமிழ் அச்சில் அளவுச் சிக்கல் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரியவை. காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. எனவே பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளைக்கூட உருக்கிப் பயன்படுத்தினர் என்பது அச்சு வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. சீகன்பால்கின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் 1714இல் அச்சான முற்பகுதி பெரிய எழுத்திலும், 1715இல் அச்சான பிற்பகுதி சிறிய எழுத்திலும் இருப்பது இதனால்தான்.

‘புள்ளி அளவு’ என்று நாம் சொல்வது எழுத்தின் உயரமன்று. எழுத்தைத் தாங்கிய ஈயக் கட்டையின் உயரம். பத்துப் புள்ளிக் கட்டையில் ஓர் எழுத்து பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம். கட்டையற்ற கணினியிலும் இந்த வழக்கம் தொடர்வதால்தான், ஒரே புள்ளி அளவுள்ள இரண்டு எழுத்துருக்கள் பக்கத்தில் வைத்தால் வெவ்வேறு அளவாகத் தெரிகின்றன.

பத்துப் புள்ளி வரியில் ஆறு புள்ளி அடுக்கைக் கோக்க வேண்டுமானால், அதன் அடியில் நான்கு புள்ளி வெற்றுத் துண்டை வைத்து உயர்த்த வேண்டும். பின்னங்களுக்கும் மூலக்குறிக்கும் வேலை இன்னும் கூடுதல். சிறிய ஊர்களில் நேரமும் சிறிய எழுத்தும் இல்லாதபோது, இடம் விட்டு அச்சடித்துக் கையால் எழுதிச் சேர்ப்பார்கள்.

குனூத்தும் டெக் மென்பொருளும்

1977இல் அமெரிக்கக் கணினியியலாளர் டொனால்ட் குனூத், தமது நூலின் இரண்டாம் தொகுதிக்கான புதிய பதிப்பின் மெய்ப்பைக் கண்டு மனம் சலித்தார். முதற்பதிப்பு ஈய எழுத்தில் அழகாக வந்திருந்தது. ஒளியச்சில் வந்த புதிய மெய்ப்பு அந்தத் தரத்தில் இல்லை. உடனே அவர் உருவாக்கத் தொடங்கியதே டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள். எழுத்துகளை வரைய மெட்டாஃபாண்ட் என்னும் துணைமொழியையும் அமைத்தார்.

டெக் கணிதத்துக்கு மூன்று அளவுகளை வைத்தது: உரை, அடுக்கு, அடுக்கின் அடுக்கு. உரை 10 புள்ளியானால் மற்றவை 7, 5 புள்ளி. உரை 12 ஆனால், டெக்கின் மேல் எழுந்த லேட்டெக்கில் 8, 6. ஐந்து புள்ளி எழுத்து என்பது பத்துப் புள்ளி எழுத்தை அப்படியே பாதியாக்கியதன்று. அப்படிச் சுருக்கினால் கோடுகள் மெலிந்து மறையும். அதனால் குனூத்தின் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் சிறிய அளவுகள் சற்றே அகலமாகவும் தடிப்பாகவும் தனியே வரையப்பட்டன. ஈய எழுத்து வார்த்தவர்கள் தலைமுறைகளாகக் கையாண்ட நுட்பம் அது.

தமிழுக்கு வந்தபோது

1990ஐ ஒட்டி, வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே டெக்கில் பயன்படும் தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். இந்தியாவில் டெக் பயனர் குழு 1998இல் திருவனந்தபுரத்தில் அமைந்தது. 2002இல் பன்னாட்டு ஆண்டு மாநாடும் அங்கேயே நடைபெற்றது.

அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கணினி மையங்களில் வேறு வகைத் தொல்லை இருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. சமன்பாட்டில் k என்று அடித்த இடத்தில் எழுத்துருவை மாற்ற மறந்தால் ‘ம’ என்று அச்சாகும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி இடம் தந்த யூனிகோட் பரவிய பிறகே இது தீர்ந்தது. 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட சீடெக், யூனிகோட் எழுத்துருக்களை டெக்கில் நேரடியாகப் பயன்படுத்த வழிசெய்தது.

இன்னும் உள்ள சிக்கல்

எழுத்துருக்களை ஒப்பாக்க, ஃபாண்ட்ஸ்பெக் என்னும் தொகுப்பு ஆங்கிலச் சிற்றெழுத்து x-இன் உயரத்தைக் கணக்கில் கொள்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. ‘கீ’ மேலே உயர்கிறது. ‘மூ’ கீழே இறங்குகிறது. ஆகவே தானியங்கு அளவீடு தமிழ் எழுத்துக்கு உதவுவதில்லை. நாமே அளக்க வேண்டும்.

அளப்பது எளிது. மேலும் கீழும் நீளாத ‘ப’ எழுத்தை x-க்கும் எண்ணுக்கும் அருகில் வையுங்கள். கம்ப்யூட்டர் மாடர்ன் 10 புள்ளியில் x-இன் உயரம் ஏறத்தாழ 4.3 புள்ளி; எண்களின் உயரம் 6.4 புள்ளி. தமிழ் எழுத்துருவில் ‘ப’ 6 புள்ளி உயரம் என்று கொள்வோம். இரண்டுக்கும் நடுவான 5.4 புள்ளிக்கு அதைக் கொண்டுவர 0.9 ஆல் பெருக்கினால் போதும். அப்போது சமக்குறியும் பின்னக் கோடும் தமிழ்ச் சொற்களின் நடுவுயரத்தை ஒட்டி அமையும். பிறகு ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். திரையில் தெளிவாகத் தெரியும் 5 புள்ளி அடுக்கு, நகலெடுத்த வினாத்தாளில் கரும்புள்ளியாகிவிடலாம்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடக் கூடாது. கடைசி வரிசையில் இருக்கும் மாணவர் கையிலுள்ள நகலிலும் 2³ என்பது 2³ ஆகவே தெரிய வேண்டும்.