துருவப் படலமும் சூரிய ஒளியும்

சூரிய ஒளியை மின்சாரமாக மாற்ற வேண்டுமெனில் வேறுபட்ட தன்மையுடைய இரு பகுதிகள் கூடும் சந்தி ஒன்று அவசியம் என்பது, 1954-இல் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் மின்கலத்தைச் செய்து காட்டிய நாள்தொட்டுப் பௌதிக மாணவர் எல்லோரும் கற்றுவந்த பாடம். ஒளி பட்டு விடுதலையான எலெக்ட்ரானையும் அது விட்டுப்போன துளையையும் எதிரெதிர்ப் பக்கங்களுக்குப் பிரித்தனுப்புவது அச்சந்தியிலுள்ள மின்புலமே; ஆதலின் பதார்த்தத்தின் ஆற்றல் இடைவெளி (எலெக்ட்ரானை விடுவிக்க ஒளி தரவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) எவ்வளவோ அதற்குள்ளேயே மின்னழுத்தமும் அடங்கிவிடும். ஒரு சிலிக்கன் கலம் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாததன் காரணம் இதுதான்.

ஃபெர்ரோமின் பதார்த்தங்களோ புறத்தே மின்புலம் ஏதுமில்லாதபோதும் தமக்குள்ளே நிலையான துருவ முகம் ஒன்றைத் தாங்கி நிற்பவை. எதிர்த்திசையில் மின்புலத்தைச் செலுத்தினால் அம்முகத்தைத் திருப்பிக்கொள்பவை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜோசப் வாலசெக் 1920-இல் இத்தன்மையை முதன்முதலாக ரோஷெல் உப்பில் கண்டறிந்தார். (ஃபெர்ரோ என்ற சொல்லைக் கண்டு அவ்வுப்பில் இரும்பைத் தேடுவது வீண், நடத்தையில் காந்த இரும்பை ஒத்திருந்தமையால் வந்த பெயர் அது.) சமச்சீர் மையமற்ற இத்தகைய படிகத்தில் ஒளியால் எழுப்பப்பட்ட எலெக்ட்ரான், எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறாமல் ஒரு திசையை நோக்கிச் சற்றே அதிகமாகச் சாய்கிறது, ஆகவே சந்தியின் துணையின்றிப் படிகத்தின் உடல் முழுவதுமே மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. 1974-இல் லித்தியம் நியோபேட் படிகத்தில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாஸ் முதலானோர் இதனை ஐயமற நிறுவினர்.

பிஸ்மத்தும் இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பிஸ்மத் ஃபெர்ரைட்டின் மென்படலத்தில் இவ்விந்தை பன்மடங்கு பெருகியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற ராமமூர்த்தி ரமேஷ் முதலானோர் பெர்க்லியில் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 200 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமைந்த மின்முனைகளுக்கிடையே ஏறக்குறைய 16 வோல்ட் கிடைத்தது. அப்பதார்த்தத்தின் ஆற்றல் இடைவெளியோ சுமார் 2.7 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. துருவ முகம் மாறும் எல்லைச் சுவர்கள் ஒவ்வொன்றிலும் எழும் சுமார் பத்து மில்லிவோல்ட் படி, தொடராக இணைத்த மின்கலங்கள் போல ஒன்றோடொன்று கூடுகிறது என்பது அவர்கள் கூறிய விளக்கம். ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர் 2013-இல் இதை மறுத்து, சுவர்களைக் காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை, படிகத்தின் உடலில் எழும் விளைவே போதும் என வாதித்தனர். பின்னவர் வாதமே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது.

வோல்ட் கணக்கைக் கண்டு மயங்குவதற்கில்லை. மின்சக்தி என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிய பலன். இப்படலமோ ஏறத்தாழ மின்கடத்தாப் பொருள், ஆதலின் அதில் ஓட்டம் மிகச் சொற்பம். அத்துடன் சூரிய ஒளியின் நீலமும் ஊதாவும் ஒழிந்த பெரும்பகுதியை அது உட்கொள்ளாமலே விட்டுவிடுகிறது. வீட்டுக் கூரையில் இன்றும் சிலிக்கனே அமர்ந்திருக்கிறது.