பொமேரியன் அல்லாத ஜிம்மி

1996-ல எங்க வீட்டுக்கு ஜிம்மி வந்தப்போ போடி முழுக்க அந்த மாதிரி நாய்க்கு ஒரே பேருதான்: பொமேரியன். தாத்தா மட்டும் "இது தொரை நாய்டா" என்பார். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கின கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் (மேல ஓடின மலை ரயில் 1924 வெள்ளத்தோட போச்சு). வெள்ளையா புசுபுசுன்னு எதைப் பார்த்தாலும் அவருக்கு தொரை நாய்தான் :-)

ஊர் சொன்னது தப்பு. தாத்தா கொஞ்சம் கிட்ட வந்துட்டார்.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரப் பகுதி. இன்று போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. 1767-ல் சார்லட் ராணி இங்கிலாந்துக்கு வரவழைத்த பொமரேனியன்கள் நல்ல பெரிய சைஸ். 1888-ல் விக்டோரியா மகாராணி ஃப்ளாரன்ஸ் போனபோது சின்னதா ஒண்ணு வாங்கிட்டு வர, அப்புறம்தான் குட்டி நாய் மோகம் பரவியது. இப்போ அசல் பொமரேனியன் 3, 3½ கிலோவைத் தாண்டாது. எங்க ஜிம்மி 7 கிலோ! அவன் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் நம்ம நாட்டிலேயே உருவான ரகம். 80கள், 90களில் வெளிநாட்டு நாய் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கெடுபிடி, அதான் ஊரெல்லாம் இதுவே. 1994-ல் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்துல வந்த டஃபியும் இதே ரகம்தான்.

பேர்ல என்ன இருக்குங்கறீங்களா? 'குளிர்தேசத்து நாய், வெயில் தாங்காது'ன்னு நம்பி 1998 மே மாசம் முடியை ஒட்ட வழிச்சு விட்டோம். ரெண்டே நாள்ல முதுகு செவந்து புண்ணாயிடுச்சு. டாக்டர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. இதுக்கு முடி ரெண்டு அடுக்கு. அடியில பஞ்சு மாதிரி, மேல நீளமா. அந்த மேலடுக்குதான் வெயில் தோல்ல படாம காக்குது. தினம் சீவி, உதிர்ற உள்முடியை எடுத்தாலே போதுமாம். திரும்ப முளைக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுவும் திட்டுத்திட்டா.

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனா பயலுக்கு ஒரே குஷி. மருந்தடிச்ச தோட்டத்துல மட்டும் இறக்கி விட மாட்டோம். மழைக்காலம்னா விரலிடுக்கெல்லாம் அட்டை. உப்புத்தண்ணி தொட்டு ஒவ்வொண்ணா எடுக்கணும்.

2003-ல் ஹட்ச் விளம்பரம் வந்துச்சு. எல்லாருக்கும் பக் நாய் வேணும்னு ஆயிடுச்சு. எங்க தெருவுலயே ரெண்டு ஸ்பிட்ஸ் ரோட்டுக்கு வந்தது.

ஜிம்மி 2009 வரைக்கும் எங்ககூட இருந்தான். முதுகுல அந்த வழுக்கை கடைசி வரை மறையவே இல்லை.