பூஜ்யம் எந்த நாளில் தொடங்குகிறது?

1947 ஆகஸ்ட் 15 என்ற தேதியை ‘சாஸ்’ என்னும் புள்ளியியல் மென்பொருள் -4522 என்று எழுதி வைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் தரவுத்தளத்தில் அதே நாள் 17394. எஸ்பிஎஸ்எஸ் என்னும் இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் 11513059200. மூன்றும் சரியான விடைகளே. மூன்றுமே தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் சேமிக்கின்றன; எண்ணத் தொடங்கிய நாளும் எண்ணும் அலகும்தான் வேறுபடுகின்றன.

இந்த வேறுபாடுகள் அந்தந்த மென்பொருள் பிறந்த கதையோடு ஒட்டியவை. சாஸ் 1960களின் பிற்பகுதியில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண் ஆய்வுத் தரவுகளை அலசுவதற்காக உருவானது. அதில் இரண்டே தரவு வகைகள்: எண், எழுத்து. தேதிக்கென்று தனி வகை கிடையாது. 1960 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் என்ற கணக்குதான் தேதி. அதற்கு முந்திய நாள்கள் எல்லாம் மைனஸில் போகும்.

ஸ்டான்ஃபோர்டில் 1968இல் சமூக அறிவியலாளர்களுக்காகப் பிறந்த எஸ்பிஎஸ்எஸ் நாள்களை அல்ல, விநாடிகளை எண்ணுகிறது. தொடக்கம் 1582 அக்டோபர் 14. போப் 13ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்திய ஆண்டு அது. ரோமில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவித்து, இடையில் பத்து நாள்களை நீக்கினார்கள். நீக்கப்பட்ட அந்தப் பத்தில் கடைசி நாள்தான் எஸ்பிஎஸ்எஸ்ஸின் பூஜ்யம். நடக்காத ஒரு நாளிலிருந்து உலகெங்கும் ஆய்வாளர்கள் காலத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள் என்பது வியப்பான செய்திதான்.

1992இல் வெளிவந்த ஆக்ஸஸின் கதை இன்னும் சுவையானது. அதன் பூஜ்யம் 1899 டிசம்பர் 30. ஏன் இப்படி ஓர் ஒட்டாத தேதி? 1980களில் கோலோச்சிய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3, 1900ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. அது லீப் ஆண்டு அல்ல. லோட்டஸ் கோப்புகளைப் பிசகாமல் திறக்க வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்டின் எக்செல் விரிதாள் அந்தப் பிழையையும் அப்படியே ஏற்றது. மைக்ரோசாஃப்டின் பேசிக் மொழியில் பிழைக்கு இடம் தராமல் தொடக்கத்தை ஒரு நாள் முன்னே தள்ளினார்கள். அதனால் 1900 மார்ச் 1 முதல் எக்செல், பேசிக் இரண்டின் கணக்கும் ஒன்றுபடுகிறது. ஆக்ஸஸ் பின்பற்றுவது இந்தப் பேசிக் கணக்கைத்தான்.

ஆகவே சாஸ் தேதியை வெறும் எண்ணாக ஆக்ஸஸுக்குக் கொண்டுபோனால் 21916ஐக் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் அறுபது ஆண்டுகள் பின்னால் போய்விடும். எஸ்பிஎஸ்எஸ் எண்ணில் வேறு சிக்கல்: ஆக்ஸஸின் ‘லாங் இன்டீஜர்’ 2147483647க்கு மேல் தாங்காது. இந்த விநாடிகளுக்கு ‘டபுள்’ வகைதான் வேண்டும்.

ஆம்/இல்லை விடைகளும் இப்படித்தான். ஆக்ஸஸில் ‘ஆம்’ என்பது -1. புள்ளியியல் துறையில் வழக்கம் 1. மாற்றாமல் கூட்டினால், தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை மைனஸில் வந்து நிற்கும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதால் ஆபத்து குறைவு.

கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது விடுபட்ட மதிப்பு. சாஸில் எண்களுக்கு மட்டும் 28 வகை வெற்றிடங்கள் உண்டு: வெறும் புள்ளி, புள்ளியோடு அடிக்கோடு, புள்ளியோடு ஏ முதல் இசட் வரை. பதில் சொல்ல மறுத்தவர், தெரியாது என்றவர், கேள்வியே பொருந்தாதவர் என்று காரணத்தைப் பிரித்துக் குறிக்க அவை உதவுகின்றன. ஆக்ஸஸில் இருப்பது ‘நல்’ ஒன்றுதான். மாற்றும்போது காரணங்கள் எல்லாம் ஒரே வெற்றிடத்தில் கலந்துவிடுகின்றன. கள ஆய்வாளர் வீடு வீடாக நடந்து திரட்டிய செய்தி அங்கே அழிகிறது. இந்த மாற்றத்தில் நேரும் மிகப் பெரிய இழப்பு இதுவே.

ஒப்பீட்டிலும் வேறுபாடு உண்டு. சாஸ் விடுபட்ட மதிப்பை எல்லா எண்களையும்விடச் சிறியதாகக் கருதும். ஸ்டாட்டா என்னும் மற்றொரு புள்ளியியல் மென்பொருள் எல்லாவற்றையும்விடப் பெரியதாகக் கருதும். ‘வயது 5க்குக் கீழ்’ என்று சாஸில் கேட்டால் வயது தெரியாதவர்களும் சேர்ந்து வருவார்கள். ‘60க்கு மேல்’ என்று ஸ்டாட்டாவில் கேட்டாலும் அவர்களே வருவார்கள். ஆக்ஸஸில் இரண்டு கேள்விக்கும் வரமாட்டார்கள். அனுபவப்பட்டவர்கள் இதனால்தான் மாற்றத்துக்கு முன்பே விடுபட்டதன் காரணத்தைத் தனிப் பத்தியில் எழுதிவைத்து, மாற்றிய பின் ஒவ்வொரு பத்தியிலும் வெற்றிடங்களை எண்ணி இரு பக்கமும் ஒப்பிடுகிறார்கள்.