நோன்பு நாட்களின் கணக்கு

மார்கழியில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டு வாயிலைக் கோலமும், அடுத்த வீட்டு முகப்பைக் காகித நட்சத்திரமும் அணிசெய்கின்றன. மாசி பங்குனியிலோ அந்நட்சத்திர வீட்டாரே புலால் நீக்கி, திருமணம் முதலியவற்றைத் தவிர்த்து அடங்கியிருப்பர். இவ்விரு காலங்களையும் கத்தோலிக்கர் திருவருகைக் காலம், தவக்காலம் என வழங்குவர். சீர்திருத்தச் சபையார்க்கு அவை அட்வெந்து, லெந்து. லெந்து என்பது பழைய ஆங்கிலத்தில் இளவேனிலைக் குறித்த சொல். நம் நாட்டிலோ அது வெயில் ஏறத் தொடங்கும் பருவம்!

இரண்டனுள் மூத்தது தவக்காலமே. உயிர்த்தெழுந்த திருநாளில் ஞானஸ்நானம் பெறவிருந்தோர் நோன்பிருந்து ஆயத்தமாயினர். பிறரும் அவர்களோடு சேர்ந்து நோற்றனர். கி.பி. 325-இல் கூடிய நைசீயாப் பெருஞ்சங்கத்தின் விதிகளில் ‘நாற்பது நாள்’ என்னும் பெயர் காணப்படுகிறது. திருநாளின் தேதியோ மதியைப் பொறுத்தது. மார்ச் 21-ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே அது. ஆதலின் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்நாளிலும் அமையலாம். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

கணக்கில்தான் ஒரு சிக்கல் எழுந்தது. ஞாயிறு மகிழ்ச்சிக்குரிய நாள், அன்று நோன்பில்லை. ஆறு வாரத்தில் ஞாயிறுகளை நீக்கினால் எஞ்சுவன 36 நாட்களே. கி.பி. 604-இல் மறைந்த பாப்பு பெரிய கிரகோரியார், ஆண்டின் 365 நாட்களில் இது தசமபாகம் எனப் பொருள் கூறினார். கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மனோர்க்கு இவ்விளக்கம் மிகவும் இனிக்கின்றது. எனினும் இயேசுநாதர் வனாந்தரத்தில் நோற்றவை நாற்பது நாட்களாயிற்றே! ஆகவே பின்னாளில் முன்வாரத்துப் புதன் முதல் நான்கு நாட்கள் கூட்டப்பட்டன. அப்புதனே நெற்றியில் சாம்பலிடும் சாம்பற் புதன். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்க்கோ அப்புதன் இல்லை. திங்களன்று தொடங்கி ஐம்பது நோன்பு நோற்பர். கிறிஸ்துமசுக்கு முன்னரும் அவர்கட்கு இருபத்தைந்து நோன்பு உண்டு.

திருவருகைக் காலமும் தொடக்கத்தில் நோன்புக் காலமே. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டுத் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-ஆம் நாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரம் மும்முறை நோற்குமாறு விதித்தார். பின்னர் உரோமை முறையில் அது நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. 1839-இல் ஹம்பர்க் நகரில் விக்கெர்ன் என்னும் போதகர், திருநாள் எப்போது வருமெனத் துளைத்தெடுத்த ஆதரவற்ற சிறுவர்க்கு நாளெண்ணிக் காட்ட ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். இன்று ஆலயங்களில் காணும் மெழுகுவர்த்தி வளையம் அதன் வழிவந்ததே. இக்காலத்தில் நோன்பை நினைப்பார் சிலர். கேக்குக்கு முந்திரி வாங்குவார் பலர்.

தவக்காலத்திலும் சட்டம் தளர்ந்துள்ளது. 1966-இல் பாப்பு ஆறாம் பவுல், சாம்பற் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களை மட்டுமே கட்டாய உபவாச நாட்களாக்கினார். ஏனைய நாட்களில் செபமும் தருமமும் சிறக்கட்டும் என்பது கருத்து. இது புதுமையன்று. ஐந்தாம் நூற்றாண்டிலேயே பாப்பு பெரிய லெயோ, நோற்பவன் உண்ணாது விட்டது ஏழைக்கு உணவாகவேண்டும் என்று தவக்காலம்தோறும் வற்புறுத்தினார். தருமமில்லாப் பட்டினி வீட்டுச் செலவில் சிக்கனம், அவ்வளவே.

தமிழில் இக்காலத்துக்குக் கிட்டிய செல்வத்தைக் கூறாது விடலாகாது. கோவாவில் பிறந்து கொங்கணி பேசிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705-இல் இலங்கை சென்றார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு இடுக்கண் மிகுந்த நாட்கள் அவை. அவர் தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் இயற்றி, 1742-இல் மறைந்தார். இயேசுவின் பாடுகளைக் கூறும் அவரது வியாகுலப் பிரசங்கத்தை ஈழத் தமிழர் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிப்பர். குருமார் அரிதாகிய ஊர்களில் பொதுமக்களே வாசித்தற்கேற்ற நூல் அது.

நாம் வாழும் இவ்வூர் ஆலயத்தில் சிலுவைப் பாதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. நம் பிள்ளைகள் அவற்றிலேயே விடைசொல்லப் பழகிவிட்டனர். அந்த இராகம் அறிந்த முதியோர் எவரேனும் நம்மிடையே இருப்பின், வரும் தவக்காலத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் வாசிக்க முன்வரவேண்டுகிறோம். எச்சமயத்தாரும் வந்து கேட்கலாம். பெயரைச் செயலாளரிடம் கொடுத்தால் போதும்.