தொழிலைக் கேட்ட மருத்துவர்

நோயாளியை வினவும்போது, “உன் தொழில் யாது?” என்றும் வினவுக என 1700-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்க்கு அறிவுறுத்தினார் இத்தாலியப் பேரறிஞர் ரமாஸினி. அவ்வொரு வினாவின் அருமையை, கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தின் வரலாற்றில் காண்கின்றோம்.

1846-இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்னும் ஆங்கிலேயர், வெப்பமின்றியே ரப்பரைப் பதப்படுத்த இத்திரவத்தைப் பயன்படுத்தினார். பாரிஸ் நகரின் தொழிற்கூடங்களில் இம்முறையால் பலூன் முதலிய மெல்லிய பண்டங்கள் செய்யப்பட்டன. அதன் ஆவியைச் சுவாசித்தோர்க்குத் தலைவலியும் உறக்கமின்மையும் கண்டன, காரணமின்றிச் சினந்தனர், பின்னர் நினைவு மங்கிக் கால் தளர்ந்தனர். அறியாதார் கண்ணுக்கு அவர்கள் குடியராகவும் பித்தராகவும் தோன்றியிருப்பர். டெல்பெஷ் என்னும் பாரிஸ் மருத்துவரோ அவர்தம் தொழிலை நோக்கினார். 1856-இலும் 1863-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், முதலில் கிளர்ச்சி, பின்னர் தளர்ச்சி என நோயின் இரு நிலைகளை வகுத்து, காரணம் அத்திரவமே என நிறுவினார்.

உண்மை வெளிப்பட்டும் தீங்கு ஓயவில்லை. வெறி மிகுந்த தொழிலாளர் குதித்துவிடாதபடி தொழிற்கூடச் சன்னல்களுக்குக் கம்பி பொருத்தப்பட்டதை, 1902-இல் தாமஸ் ஆலிவர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் எழுதினார். 1892-இல் தோன்றிய விஸ்கோஸ் முறை, இதே திரவத்தைச் செயற்கைப் பட்டு ஆலைகளுக்கும் கொணர்ந்தது. நரம்பையும் மூளையையும் தாக்கும் இந்நஞ்சு இருதயத்தையும் கெடுக்கும் என்பது, பிரிட்டனில் ரேயான் தொழிலாளரின் மரணக் கணக்கை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்டபோதே தெளிவாயிற்று. டெல்பெஷின் முதல் ஆய்வுக்கும் இதற்கும் இடையே 112 ஆண்டுகள்!

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இந்நோயை அறிவிக்கத்தக்க தொழில்நோய்களுள் சேர்த்தது. கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர்க்குத் தெரிவித்தல் கடமையாயிற்று.

இந்நஞ்சை முறிக்கும் தனி மருந்து இல்லை. நோயாளியை ஆவியினின்று விலக்குதலும், தோலில் பட்டதைக் கழுவுதலும், மூச்சையும் நரம்பையும் கவனித்துப் பேணுதலுமே சிகிச்சை. தொடக்கத்தில் விலகினோர் பலர் தேறுவர். காலந்தாழ்ந்தோர்க்கு நரம்பின் ஊனம் நிலைத்துவிடவும் கூடும். ஆதலின் இயந்திரங்களை மூடி, ஆவியை வெளியேற்றும் ஏற்பாடே மருந்தினும் சிறந்தது.

பிழைப்பை நாடி வேற்றுமொழி நகரங்களில் வாழும் நம்மவர்க்கு ஒன்று கூறுவோம். மருத்துவரிடம் செல்லுங்கால் நோயை மட்டும் உரைத்து அமையற்க. கையாளும் திரவத்தின் பெயரைப் பீப்பாயினின்று எழுதிக் கொண்டு செல்க. மருத்துவர் கேளாவிடினும் நாமே நம் தொழிலைச் சொல்வோமாக.